சிந்தனைக்கும் ஓய்வு வேண்டும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

காஞ்சியில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையை முடிந்த பின்னரே மீண்டும் நெய்வார். நிறுத்தாமல் நெய்தால் சேலையே பழுதாகும். மனித மனமும் அவ்வாறே.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டு வணிகத்தில் எனக்குக் கடன் ஏற்பட்டது. இரவெல்லாம் கணக்கேட்டைப் புரட்டுவேன். கூட்டிய தொகையையே மீண்டும் கூட்டுவேன். கடன் ஒரு ரூபாயும் குறையவில்லை, உறக்கம் மட்டுமே குறைந்தது. ஒருநாள் வீட்டில் தனித்து இஷா தொழுகையில், மூன்றாம் ரக்அத்தா நான்காவதா என்று அறியாமல் திகைத்து நின்றேன்.

அப்போதுதான் மார்க்கச் சட்டம் நினைவுக்கு வந்தது. அவ்வாறு ஐயம் எழுந்தால், ஐயத்தை விட்டு உறுதியானதைக் கொண்டு தொழுகையை நிறைவு செய்து, மறதிக்காக இரண்டு ஸஜ்தாக்கள் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். விடியும்வரை நின்று எண்ணச் சொல்லவில்லை. தொழுகையிலேயே ஐயத்திற்கு ஓர் எல்லை உண்டென்றால், கடன் கவலைக்கு எல்லை வேண்டாமா?

அன்றிரவு ஏட்டை மூடிவிட்டு உறங்கினேன். மறுநாள் மச்சானிடம் ஆலோசனை கலந்து, கடன் கொடுத்தவரை நேரில் சந்தித்துத் தவணை கேட்டேன், அவரும் இசைந்தார். பல மாத யோசனை தராத வழியை ஒருநாள் மஷ்வரா தந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கும் இத்தகைய நெருக்கடி நேர்ந்ததுண்டு. பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக இருந்த அவர்கள், 1095ஆம் ஆண்டில் பதவியைத் துறப்பதா, நீடிப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் தடுமாறினார்கள். பாடம் நடத்த நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்களும் கைவிட்டனர். இறுதியில் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்து, திமிஷ்கு நகரம் சென்று தனிமையில் தங்கினார்கள். 1106ஆம் ஆண்டில் நைஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் உருவானதே 'இஹ்யா உலூமித்தீன்'.

நம்மால் ஊரைவிட்டுச் செல்ல இயலாது. ஆனால் ஐவேளை பாங்கு நம்மை அழைக்கிறது. அப்போது கடையையும் கவலையையும் வாசலில் விட்டு வாருங்கள். முடிவெடுக்க இயலாதபோது இஸ்திகாரா தொழுங்கள். தக்கவரிடம் கலந்து பேசுங்கள். பின்னர் தவக்குல் வையுங்கள். முயற்சியைக் கைவிடுவது தவக்குல் அன்று. முயன்றபின் முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல்.

வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். அது ஈமானின் குறைவன்று. அரசின் மனநல ஆலோசனை எண் 14416 கட்டணமின்றி இயங்குகிறது. பக்கத்து ஸஃப்பில் நிற்பவரின் முகம் வாடியிருந்தால், ஸலாம் கொடுத்தபின் இரண்டு நிமிடம் அவரிடம் பேசுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் மன அமைதியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.