மன்னாருக்குப் போக விரும்பும் மகள்
(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கூட்டம் தொடங்குமுன் ஒரு தகப்பனார் என்னை ஓரமாக அழைத்தார். மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. பாட்டியாரின் சொந்த ஊர் மன்னார். விடுமுறையில் அங்கே ஒரு மருத்துவமனையில் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாளாம். "அனுப்பலாமா டாக்டர்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லுமுன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்வாணி ஞானகுமார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1994-இல், பத்து வயதுப் பிள்ளையாக, குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். அங்கே உயிர்மருத்துவ அறிவியல் படித்தார். கவனியுங்கள், அவர் டாக்டர் அல்ல. 2008 பிப்ரவரியில் உறவினரைப் பார்க்க வன்னிக்குப் போனார். போர் நெருங்கியது. திரும்பாமல் அங்கேயே தங்கினார்.

2009-இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனில் பள்ளிக்கூடம்தான் மருத்துவமனை. ஒருபக்கம் ராணுவத்தின் குண்டுவீச்சு, மறுபக்கம் மக்களை வெளியேற விடாத புலிகள். மயக்க மருந்து தீர்ந்துகொண்டிருந்தது, ரத்தம் கிடைக்கவில்லை. கட்டுத்துணிக்கே தட்டுப்பாடு. செஞ்சிலுவைக் கப்பல் வந்தால் சிலரைத் திருகோணமலைப் பக்கம் ஏற்றி அனுப்பலாம். புல்மோட்டையில் நம் இந்திய மருத்துவக் குழுவும் காயமடைந்தவர்களைப் பார்த்தது. ஏற்ற முடியாதவர்கள் தரையில் கிடந்தார்கள். அந்தப் பெண் புண் கழுவினார், கட்டுப் போட்டார். முழு மயக்கம் கொடுக்க மருந்தில்லாமல் ஒரு சிறுவனின் கை, கால் வெட்டப்பட்டதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். மே மாதம் போர் முடிந்ததும் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைத்தார்கள். செப்டம்பரில்தான் வெளியே வந்தார். லண்டன் திரும்பியதும் கண்டதைப் பத்திரிகைக்குச் சொன்னார். கடைசிவரை நின்ற அரசு மருத்துவர்களும் அந்த மே மாதமே கைதாகியிருந்தார்கள்; அவர்களால் அன்று வாய்திறந்து பேச முடியவில்லை. அதனால் இந்தப் பெண்ணின் சொல்லுக்குக் கனம் இருந்தது.

அந்தத் தகப்பனார் முகம் வெளிறுவது தெரிகிறது. பயப்படாதீர்கள், இன்று மன்னாரில் போர் இல்லை. ஆனால் உங்கள் மாமியாருக்கு அந்த ஊர் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் என்றீர்களே, அதன் காரணம் நம்மில் பலருக்குத் தெரியாது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரக் கெடு. கையில் அகப்பட்டதோடு போனவர்கள் பலர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்கில் ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். விட்டு வந்த வீட்டைத் தேடித்தான் பேத்தி போக நினைக்கிறாள். அதை நான் எப்படித் தடுப்பேன்?

அனுப்புங்கள். ஆனால் சுற்றுலா விசாவில் போய் வார்டில் நிற்க முடியாது. அங்குள்ள மருத்துவமனையின் ஒப்புதல் கடிதமும் நம் கல்லூரியின் கடிதமும் முதலில் கைக்கு வரட்டும். மூன்றாம் ஆண்டு மாணவி ரத்த அழுத்தம் பார்க்கலாம், பதிவேடு எழுதலாம், பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று கட்டுப் போடலாம். இங்கே செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கே ஏழைகள் என்பதற்காகச் செய்யக் கூடாது. முள்ளிவாய்க்காலில் வேறு வழியில்லை. மன்னாரில் வழி இருக்கிறது. தடுப்பூசி, பயணக் காப்பீடு இரண்டையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் கும்மிடிப்பூண்டி முகாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டியார் பேசும் அதே பேச்சுவழக்கை அங்கே கேட்கலாம். வரும் ஞாயிறு காலை எட்டரைக்கு அங்கே சர்க்கரைப் பரிசோதனை செய்யப் போகிறோம், பெயர் எழுத ஆள் போதவில்லை. வேனில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மகளை வரச் சொல்லுங்கள், முடிந்தால் பாட்டியாரையும்.