புதியன ஏற்கும் மனம்

(தருமபுரியில் நிகழ்ந்த விழாவில் ஆற்றிய உரை)



நொளம்பர் காலத்தில் சமணப் பள்ளி விளங்கிய தகடூர் மண்ணில் நின்று ஒரு வினா எழுப்புகின்றேன். புதிய கருத்தை மக்கள் ஏன் மறுக்கின்றனர்?

1880ஆம் ஆண்டு, சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரிடம், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். சிற்றிலக்கியம் பல பயின்ற ஐயருக்கு அக்காப்பியம் புதிது. காப்பியமோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழையது! ஆகவே புதுமை காலத்தால் அமைவதன்று; பழகாமையால் அமைவது. 'யான் அறியேன்' என்று ஒப்புவது கற்றோர்க்கே அரிது. மறுப்பு அங்கேதான் பிறக்கின்றது.

ஐயர் மறுக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லம் நாடி ஐயம் தெளிந்தார். சைவச் சூழலில் பயின்றவர் சமண நூலைப் பதிப்பதா எனச் சிலர் குறை கூறினர். நம் முன்னோரும், 'பிற சமயத்தார்க்கு ஏன் உரைப்பது?' என்று கதவடைத்திருக்கலாம், அடைக்கவில்லை. 1887இல் நூல் அச்சேறியது.

இன்று நம் இளைஞர், இல்லத்து ஏடுகளைப் படமெடுத்துப் பொதுவில் வைப்போம் என்கின்றனர். 'வழக்கமில்லை' என்கின்றோம். ஏட்டைச் செல்லரிக்கும் வழக்கமோ நிற்கவில்லை. அநேகாந்தம் போற்றும் நாம், மறுக்குமுன் 'ஒருவகையில் உண்டு' என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.