போனதும் திரும்பியதும்



தாவரவியல் பூங்கா என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஊட்டி மலர்க் கண்காட்சி நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு, 'புல்லை மிதிக்காதீர்' என்ற பலகை. நான் பேச வந்திருப்பது பூங்காவின் பின்கட்டைப் பற்றி. சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கதவு திறக்காத நாற்றங்கால் கண்ணாடி வீடுகளைப் பற்றி.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது கியூ தோட்டம். 1759-இல் அரச குடும்பத்துத் தோட்டமாகத் தொடங்கியது. அதன் புகழ் பாட நான் வரவில்லை. முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிக் கியூவில் கொண்டுவந்து கொட்டினார். சில வாரம் போனாலே உயிர் போய்விடும் விதை அது. முளைத்தவை 2,700 சொச்சம்தான். அந்த நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குப் போனது. மறு ஆண்டு 22 செடிகள் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே தாவரவியல் பூங்காவின் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். பிறகு மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டங்கள். அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் யார்? தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறிய நம் சனங்கள். இந்த அரங்கிலேயே, தாத்தாவின் தம்பி அங்கே போனார், திரும்பவே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கலாம். ஒரு கண்ணாடி வீட்டில் முளைத்த நாற்று ஆயிரமாயிரம் குடும்பங்களை இடம் பெயர்த்தது. அதனால் கியூ எங்கோ இருக்கும் இடம், நமக்கென்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எடுத்துக்கொண்டு போகத் தெரிந்த தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் தெரியுமா? என் கேள்வி இதுதான். பதிலாக ஒரு செடியின் கதையைச் சொல்கிறேன்.

மொரீஷியஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் என்று ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத செடி ஒன்று அங்கே இருந்தது. காப்பிச் செடியின் குடும்பம். வெள்ளைப் பூ. கஃபே மரோன் என்பார்கள். மனிதர்கள் குடியேறினார்கள், காடு வெட்டினார்கள், ஆடு வளர்த்தார்கள். செடி அழிந்துபோனது என்று அறிவியல் உலகம் கணக்கை முடித்துவிட்டது. 1980 வாக்கில் அந்தத் தீவுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அரிய செடிகளைத் தேடிப் பாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். ஒரு பையன் கிளை ஒன்றோடு வந்தான். செத்துப்போனதாகச் சொன்ன அதே செடி!

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செய்தி பரவியதும் ஊரார் வந்து கிளையை ஒடிக்க ஆரம்பித்தார்கள். குடித்த மறுநாள் தலைவலிக்கு அது மருந்து என்று நாட்டு நம்பிக்கை. வேலி போட்டார்கள். வேலியைத் தாண்டியும் ஒடித்தார்கள். இன்னொரு வேலி போட்டார்கள். உலகத்தில் மிஞ்சிய ஒரே செடிக்கு அதன் புகழே எதிரியானது.

1986-இல் போத்து வெட்டி விமானத்தில் கியூவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்று வேர் பிடித்தது. அதிலிருந்து இன்னும் பல செடிகளை உண்டாக்கினார்கள். எல்லாம் தளதளவென்று வளர்ந்தன, பூத்துக் குலுங்கின. ஆனால் காய் இல்லை. ஏன்? போத்திலிருந்து வந்தவை எத்தனை இருந்தாலும் மரபில் அவை ஒரே செடி. அதன் மகரந்தம் அதன் சூலகமுடியில் விழுந்தாலும் உள்ளே சூல் வரை போய்ச் சேரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இப்படியே ஓடியது. தொட்டியில் உயிரோடு இருக்கிறதே, காப்பாற்றிவிட்டோமே என்று யாரும் திருப்திப்பட்டிருக்கலாம். நான் அதைக் காப்பாற்றியதாக ஒப்பமாட்டேன். வாரிசில்லாத உயிர், காவலர் கையில் இருக்கும் அருங்காட்சியகப் பொருள், அவ்வளவுதான்.

அப்போது அங்கே வேலைக்கு வந்தவர் ஸ்பெயின்காரர் கார்லோஸ் மக்தலேனா. மகரந்தத்துக்கு வழியை அடைப்பது சூலகமுடிதான் என்றால், அந்த முடியையே வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். கத்தியால் நுனியைச் சீவினார், வெட்டுவாயில் மகரந்தத்தை வைத்தார். ஒரு பூ, இரண்டு பூ இல்லை. நூற்றுக்கணக்கில் செய்து பார்த்தார். 2003-இல் காய் பிடித்தது. விதை கிடைத்தது. விதையிலிருந்து வந்த கன்றுகளைப் பார்த்தால் தாய்ச்செடியின் சாயலே இல்லை. நீண்டு மெலிந்து பழுப்பேறிய இலைகள். அந்தத் தீவில் ஒரு காலத்தில் ராட்சத ஆமைகள் மேய்ந்தன. ஆமைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்வரை காய்ந்த குச்சிபோல் வேடம் போட்டுவிட்டு, எட்டாத உயரம் போனதும் பச்சை இலை விடுகிறது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆமைகள் அழிந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. செடி மட்டும் இன்னும் பயந்துகொண்டிருக்கிறது!

அந்த விதைகள் ரோட்ரிக்ஸுக்குத் திரும்பிப் போயின. அமேசான் விதை கியூவுக்கு வந்த பாதையை நினைத்துப் பாருங்கள். இது அதற்கு எதிர்ப்பாதை. ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மலாயாத் தோட்டங்களில் புதைந்தவர்களுக்கு ஈடு எந்த விதையிலும் இல்லை. ஆனாலும் ஒரு தோட்டத்தை நான் இனி இந்தப் படியால்தான் அளப்பேன். எத்தனை வகை வைத்திருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். எத்தனை வகையை அதனதன் மண்ணுக்கு அனுப்பினாய் என்று கேட்பேன்.

அனுப்ப வழியில்லாமல் நிற்பவையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஙோயே காட்டில் 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்ட சைக்கஸ் இன உறவு ஒன்று. கிடைத்தது ஒரே ஆண் செடி. அதன் பக்கக்கன்று 1899-இல் கியூவுக்கு வந்தது. இன்றும் நிற்கிறது. பெண் செடியை ட்ரோன் விட்டுக்கூடத் தேடுகிறார்கள். இதுவரை அகப்படவில்லை.

விதை வங்கி இருக்கிறதே என்பீர்கள். கியூவின் வேக்ஹர்ஸ்ட் கிளையில் 2000 முதல் விதைகளை உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறார்கள். நெல், கம்பு மாதிரியான விதைகளுக்கு அது நல்ல ஏற்பாடு. பலாக்கொட்டையை அப்படி உலர்த்தினால் செத்துவிடும். மாங்கொட்டையும் அப்படியே. அவற்றை மரமாக வளர்த்துத்தான் காக்க வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சம்பளம் வாங்கும் தோட்டக்காரர் வேண்டும். மலர்க் கண்காட்சிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு நாற்றங்காலுக்குக் கிடைக்கிறதா என்று நம் ஊர்ப் பூங்காக்களைப் பார்த்தும் கேட்கலாம்.

கூட்டத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், முடிக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சபையில் போத்து வெட்டி நட்ட அனுபவம் உள்ள விவசாயிகள் இருந்தால் அவர்கள் முதலில் கேட்கட்டும். என்னைத் திருத்தவும் அவர்களுக்குத்தான் உரிமை அதிகம்.