எண்ணெய் கறுத்தால் கெட்டதா?

(ஈப்போவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

பேராக் மாநிலத்தில் பால் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நம்மில் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறோம். அதன் இஞ்சின் கெட்டால் பட்டறைச் செலவு ஒரு பக்கம். வேலைக்குப் போகாத நாளின் சம்பளம் மறு பக்கம். ஆகவே இஞ்சின் எண்ணெயைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியம்.

பால் மரம் வெட்டிய நமக்கு இது கடினமான பாடமன்று. வாளிப் பாலில் அமோனியா சேர்த்தால் உறையாது. ஃபார்மிக் ஆசிட் சேர்த்தால் கட்டியாகும். இஞ்சினுக்குள்ளும் இதைப் போன்றதொரு போராட்டமே நடக்கிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அமிலமும் கரியும் எண்ணெயில் இறங்குகின்றன. எண்ணெயில் முன்பே கலந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் அமிலத்தை முறிக்கின்றன. வேறொரு மருந்து கரித்துகள்களைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைக்கிறது. கறுத்த எண்ணெய் எல்லாம் கெட்ட எண்ணெய் அன்று. அழுக்கைச் சுமந்து உழைக்கும் எண்ணெயும் கறுக்கத்தான் செய்யும்.

துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த மற்றொரு மருந்து 1940களிலிருந்து வழக்கில் உள்ளது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது கண்ணாடி போன்ற படலமாகப் படிகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். படலம் தேய்கிறது, இரும்பு தப்புகிறது.

ஆனால், இம்மருந்துகள் உழைக்க உழைக்கக் குறைந்துபோகும். தீர்ந்த பின் அமிலம் இரும்பை அரிக்கும். கரி சேறாகி எண்ணெய் வழியை அடைக்கும். பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். எனவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வண்டிப் புத்தகத்தில் சொன்ன கணக்குப்படி எண்ணெயை மாற்றுவோம். குறைந்ததை மேலே ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது.

இன்னொன்று. கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கூடுதலாக உண்டு. நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்து ஓடுவது; ஆகவே அந்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். இதற்காகவே ஜப்பானியர் 1998இல் ஜாசோ எம்.ஏ. என்னும் தரத்தை வகுத்தனர். கியர் வண்டி வைத்திருப்போர் டப்பாவில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குவோம்.

சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், மரத்தடியில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைப் பட்டறையில் கொட்ட வேண்டா!