குடிசையும் குலுக்கலும்



ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் காசநோய் கண்டவரைப் பெருந்துறைச் சானடோரியத்திற்கு அனுப்பிய காலத்தை நம் மூத்தோர் அறிவர். ஏழையின் நெருக்கமான குடிசையில் அந்நோய் தீராது என்பதே அன்று பலர் கொண்ட முடிவு. நம்மைப் பற்றிப் பிறர் சோதியாமலே கொண்ட முடிவுகளில் அதுவும் ஒன்று.

1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதனைச் சோதித்தது. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரே மருந்துகளை ஒரு பிரிவினர்க்கு வீட்டிலும் மற்றவர்க்குச் சானடோரியத்திலும் ஓராண்டு வழங்கினர். முடிவில் நோய் அடங்கியோர் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92.

ஆறு குறைகிறதே எனப் பதறுவோம். புள்ளியியலார் கேட்பது வேறு: இரு முறைகளும் சமமென்றே கொண்டால், தற்செயலாக மட்டும் இவ்வளவு வேறுபாடு தோன்றுமா? தோன்றும், ஏறத்தாழ ஐந்து தடவைக்கு ஒரு தடவை. இருபதில் ஒன்றினும் அரிதாயின் மட்டுமே தற்செயல் அன்று எனக் கொள்வது வழக்கம்.

எனினும், வேறுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறுபாடே இல்லை என்றாகாது. ஆகவே ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். வீட்டு மருத்துவம் பின்தங்கவில்லை. உடனுறைந்தோர்க்கும் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது.