இருபத்தைந்து நிமிடம்

(ஞாயிறு காலை வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்றைய நற்செய்தி நமக்குப் பழக்கமானது. லூக்கா 17-ஆம் அதிகாரம். தொழுநோயாளர் பத்துப் பேர் தூரத்தில் நின்று ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள். பத்துப் பேரும் குணமடைகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து அவர் காலில் விழுந்து நன்றி சொல்கிறார். அவரும் சமாரியர். மீதி ஒன்பது பேரை, இந்த வாசகம் வரும்போதெல்லாம் நாங்கள் பீடத்தில் நின்று திட்டித் தீர்த்திருக்கிறோம். இந்த ஆண்டு அப்படிப் பேச வாய் வரவில்லை. சிங்கவரத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் காரணம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் நோயாளிகளைச் சந்திக்க மாதத்தில் இரண்டு முறை போகிறோம். பங்குத்தந்தை, உபதேசியார், மரியாயின் சேனைச் சகோதரிகள் இருவர் என நான்கு பேர். இந்தத் தம்பிக்கு வயது 24. அப்பா நிலத்தில் பாடுபட்டு, நெல்லை மூட்டை கட்டி செஞ்சி விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். போன ஆண்டு தம்பியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. ஓரிடத்தில் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி வளர்ந்ததே தவிரக் கரையவில்லை. பிறகு சதை எடுத்துப் பரிசோதித்தபோதுதான் அது நிணநீர்க் கணுவில் வரும் ஹாட்ஜ்கின் புற்றுநோய் என்று தெரிந்தது. இருபது, முப்பது வயதுக்காரர்களைத் தேடி வரும் நோய் இது. நல்ல மருந்து இருக்கிறது, பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆகவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வலிக்காத கட்டிதானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல்முறை போனபோது நாங்கள் செய்த தவற்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்வதற்குள் ஆறுதலை ஆரம்பித்துவிட்டோம். ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைச் சோதிக்கிறார், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள் தம்பி என்றோம். கடைசியில் இந்தப் பத்துப் பேர் கதையையும் சொன்னோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவருக்குக் குணமாயிடுச்சு சாமி, திரும்பி வந்தாரு. எனக்கு இன்னும் ஆவலியே. நான் எதுக்குன்னு நன்றி சொல்றது?"

பதில் இல்லை. அவரே இன்னொன்றும் சொன்னார். சிங்கவரம் மலையில் பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளவயதிலேயே மடிந்த தேசிங்குராஜன், போருக்குப் புறப்படுமுன் அங்கே விடைகேட்கப் போனானாம். சாமி சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். சிறுவயதிலிருந்தே கேட்ட கதை அது. "எனக்கும் அப்படித்தான் இருக்கு சாமி. கடவுள் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட மாதிரி" என்றார். அவருடைய அம்மா பதறிப்போய், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அதட்டினார். நாங்கள் அதட்டவில்லை. ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர் என்று கடவுளையே கேட்கும் மன்றாட்டு நம்முடைய திருப்பாடல்களிலும் இருக்கிறது. யோபும் அப்படிக் கேட்டவர்தான்.

திரும்பி வரும் வழியில் எங்களுக்கு அருளாளர் கியாரா பதானோவின் நினைவு வந்தது. இத்தாலியில் சசெல்லோ என்ற சிற்றூர்ப் பெண். பதினோரு ஆண்டு காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. டென்னிஸ் ஆடும்போது தோளில் ஒரு வலி. எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 17. தன் நோயின் கடுமையை உணர்ந்து வீட்டுக்குத் திரும்பிய நாளில், இப்போது எதுவும் பேசாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் விழுந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து மகள் முகம் திருப்பிச் சிரித்து, இப்போது பேசலாம் என்றாள். 1990 அக்டோபர் 7-ஆம் நாள், 19 வயது நிறைய மூன்று வாரம் இருக்கையில் இறந்தாள். 2010-இல் திருச்சபை அவளை அருளாளர் என்று அறிவித்தது. அவளுடைய மகிழ்ச்சியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த அம்மா வாய்மூடி உட்கார்ந்திருந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றி யாரும் மறையுரை வைப்பதில்லை. அதைத்தான் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்தமுறை போனபோது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தோம். சத்தியமாகக் கஷ்டமாக இருந்தது. உபதேசியார் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். கடைசியில் தம்பியே பேச்சை எடுத்தார், கிரிக்கெட் பற்றி! 2011 மார்ச் 20, சேப்பாக்கம். அப்போது இவர் நான்காம் வகுப்பு. உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 ஓட்டம் எடுத்தார். நடுவில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயில் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நெஞ்சில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே புற்றுநோய்க் கட்டி இருந்தது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் சிகிச்சை முடித்து, 2012 செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் மறுபடி மட்டையோடு இறங்கினார். 34 ஓட்டம் எடுத்தார். "ஒரே ஒரு ரன்னுல தோத்துட்டோம் சாமி. அதனால என்ன, ஆளு வந்து நின்னாருல்ல" என்றார் தம்பி. அந்த வீட்டில் நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது.

யுவராஜிடம் பணம் இருந்தது, அமெரிக்கா போனார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உண்மைதான். தம்பி போவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளவயதிலேயே புற்றுநோயில் இறந்தார். அந்த துக்கத்தை மறக்காத அக்காள், புற்றுநோய் என்றாலே சாவு என்று கைவிட்டுவிடுகிற காலத்தில், 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா 2021-இல் கண்மூடும்வரை அங்கேயே உழைத்தார். இதைத் தம்பியிடம் சொன்னபோது வெகுநேரம் யோசித்தார். "யாரோ ஒரு அக்கா அழுததுல எனக்கு ஒரு இடம் கெடச்சிருக்கு" என்றார். நோய்க்காக அவர் நன்றி சொல்லவில்லை. இனி நாங்களும் அதைக் கேட்கப்போவதில்லை.

நற்செய்தியை மறுபடி எடுத்துப் படித்தோம். இத்தனை நாள் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று ஆண்டவர் சொன்னபோது பத்துப் பேரின் உடம்பிலும் நோய் அப்படியே இருந்தது. அப்படியே கிளம்பினார்கள். நடக்கிற வழியில்தான் குணமானார்கள். தனியாகவும் போகவில்லை, பத்துப் பேராகப் போனார்கள். நம் தம்பியும் வழியில்தான் இருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்று மொத்தம் 12 தடவை மருந்து ஏற்ற வேண்டும். ஏழு முடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவரோடு பந்தாடும் பையன்களில் ஒருவர் கூலிவேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிறார். ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தவன், இரண்டு வருடமாக இவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். ஒரு ரன் அவுட் தகராறாம். அது எப்படி இரண்டு வருடம் நீண்டது என்று நாங்கள் கேட்கவில்லை.

மருந்து ஏற்றினால் சில நாளைக்கு எதை வாயில் வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்குமாம். போனமுறை நாங்கள் போனபோது திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன வெங்காயம். "இன்னிக்குத்தான் சாமி ருசி திரும்புச்சு" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்கும் ஆளுக்கொரு சொம்பு வந்தது. செபம் சொல்லவேண்டும் என்ற ஞாபகமே யாருக்கும் வரவில்லை.

எட்டாவது தடவை வருகிற செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்னாலேயே செஞ்சியில் சென்னைப் பேருந்து ஏற வேண்டும். இந்தமுறை கூடப் போவது எங்கள் முறை. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: திண்டிவனம் தாண்டும்வரை தூங்க விடவேண்டும், யாரும் பேசக்கூடாது.