இருமுறை நடந்த திருவடி



கார்த்திகைக் கடை ஞாயிற்றுப் பெருவிழாவில், விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் திருமுன்னர் நாம் கூடியிருக்கின்றோம். மகப்பேறு வேண்டும் மங்கையர் இரவில் சிம்ம தீர்த்தத்தில் மூழ்கி, ஈர ஆடையோடு திருக்கோயிலில் படுத்துத் தவங்கிடக்கும் காட்சியைக் கண்டோம். மகவு வேண்டி இத்துணை பாடுபடுகின்றோம். பெற்ற மகவோடு ஒரு பொழுதேனும் மகிழ்ந்திருக்கின்றோமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் தொழிலால் வாழும் ஊர்கள். தந்தை, உப்பும் சுண்ணாம்பும் ஊறிய தோலோடு பகலெல்லாம் போராடுகின்றார். தாய், விடியுமுன் சோறு வடித்து வைத்துவிட்டுக் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகின்றாள். பிள்ளைகள் பாட்டியின் கையால் உண்டு பள்ளிக்குச் செல்கின்றனர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் முகம் பார்த்துப் பேச இயலாத இவர்களுக்கு எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே.

அந்த ஒரு நாளில் நிகழ்வதென்ன? காலையில் வடைக்கு மாவரைக்கும்போது வீடு சிரிக்கின்றது. நண்பகலில் கடன் தவணைப் பேச்சு எழுகின்றது. ஆறு நாள் அடக்கிய சினம் ஏழாம் நாளில் வெளிப்படுகின்றது. மாலையில் ஆளுக்கொரு திசை நோக்கி அமர்ந்திருக்கின்றோம்.

இதற்காக இல்லறத்தை வெறுத்தல் சைவ நெறியாகாது. பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் ஓர் இல்லத்தின் ஊடலை விரித்துரைக்கின்றார். நம்பியாரூரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பின்னர்த் திருவாரூருக்கு மீண்டார். பரவையாரோ அவரை ஏற்க மறுத்தார். பரவையாரின் வருத்தம் பொய்யன்று. சான்றோர் சிலர் சென்று பேசியும் அவர் உள்ளம் இசையவில்லை. நம்பிகள் நள்ளிரவில் இறைவனை நினைந்து வருந்தினார். திருமாலும் நான்முகனும் தேடிக் காணாத திருவடி, திருவாரூர்த் தெருவில் தூது நடந்தது!

முதன்முறை பெருமான், தம்மைப் பூசிக்கும் ஆதிசைவர் வடிவில் சென்றார், பரவையார் மறுத்துவிட்டார். பெருமான் சலிக்கவில்லை, மீண்டும் எழுந்தருளினார், இம்முறை தம் உண்மைத் திருவுருவோடு. பரவையார் உளம் நெகிழ்ந்தார்; ஊடல் தீர்ந்தது.

அன்பர்களே, இங்கு நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. வேடத்தோடு சென்றபோது இசையாத உள்ளம், மெய்யுருவோடு சென்றபோது இசைந்தது. நம் வீடுகளிலும் வேடங்கள் உண்டு. அச்சத்தைச் சினத்தால் மறைக்கின்றார் கணவர். களைப்பை மௌனத்தால் மறைக்கின்றாள் மனைவி. தனிமையைக் கைப்பேசியால் மறைக்கின்றான் மகன். "இம்மாதத் தவணைக்கு என் செய்வேன் என்று அஞ்சுகின்றேன்" எனக் கணவர் உள்ளதை உரைப்பாராயின், பாதிப் பூசல் அங்கேயே அடங்கிவிடும்.

மற்றொன்று, ஒருமுறை மறுக்கப்பட்டதால் தூது முடிந்துவிடவில்லை என்பது. அடியவர் இல்லத்துக்காக ஆண்டவனே இருமுறை நடந்திருக்க, நம் மனைவி மக்களிடம் இரண்டாம் முறை சென்று பேச நமக்கு என்ன நாணம்?

இத்தலத்து இறைவர்க்கு வழித்துணை நாதர் என்பது திருநாமம். நெடுவழியில் துணைவரும் பெருமான், நம் வீட்டுத் திண்ணைக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள பத்தடி வழியிலும் துணைவருவார். இன்று இல்லம் மீண்டதும் அப்பத்தடியை நடப்போமாக. மறுப்பின், மீண்டும் நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.